எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது?

தலையங்கம்



சென்ற மாதம் கல்முனையில் கரையோரக் கிளைகளின் உறுப்பினர்களோடு அமர்ந்து பேசினோம். சம்பளம், சேமலாப நிதி, வேலை நாட்கள் என்று வழமைபோலத் தொடங்கிய பேச்சு கடைசியில் காணியில் வந்து நின்றது. கரும்பு வெட்டும் தாய் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், ஒப்பக் காணியெல்லாம் உறுதிக் காணியா மாத்திக் குடுக்கப் போறாங்களாம். அதுக்குப் புறகு வித்தாலும் ஆரும் கேக்க ஏலாதாம். இது நமக்கு நல்லமா, கூடாதா?"

பக்கத்தில் இருந்த இளைஞர் உடனே சொன்னார்: "நல்லம்தான். எங்கட காணிக்கு நாங்க ஏன் டி.எஸ். கந்தோரில நிக்கணும்?" அவருடைய வாப்பா வயதுள்ள ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "வித்துப்போட்டு எங்க மகன் போற?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இந்த இதழில் சொல்கிறோம். கேட்டது கரையோரம் என்றாலும் பதில் மலையகத்துக்கும் சேர்ந்ததே. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கும் கொலனியில் ஒப்பக் காணி வைத்திருப்பவருக்கும் தலைக்கு மேல் இருப்பது நிபந்தனையோடு வந்த கூரைதான்.

முதலில் ஒப்பக் காணியின் கதையைப் பார்ப்போம்.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் அரச காணிகள் காணியற்ற குடும்பங்களுக்கு ஒப்பத்தில் கொடுக்கப்பட்டன. அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் டி.எஸ்.சேனாநாயக்க. ஏழை விவசாயிக்குக் காணி கொடுத்தால் அடுத்த வருடமே கடன்காரரிடம் அது போய்விடும் என்ற பயம் அன்று இருந்தது. ஆகவே காணியோடு நிபந்தனைகளும் வந்தன. அனுமதியில்லாமல் விற்க முடியாது. விரும்பியபடி துண்டு போட முடியாது. விரும்பியவரிடம் ஈடு வைக்கவும் முடியாது. கடனுக்காக வழக்கில் தீர்ப்பு வாங்கினாலும் அந்தக் காணியைப் பறித்து ஏலத்தில் போட முடியாது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, அதன் கீழ் கொலனிகள் உருவாகின. கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து போனால் 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று இன்றும் இலக்கத்தால் அழைக்கப்படும் ஊர்கள் வரும். வீட்டுக்கு மேட்டுக்காணியும் பயிருக்கு வயலும் அங்கே ஒப்பத்தில் கிடைத்தன. பின்னர் சில குடும்பங்களுக்கு ஒப்பத்துக்குப் பதிலாக அளிப்புப் பத்திரம் வந்தது. சுவர்ணபூமி, ஜயபூமி, ரன்பிம என்று அரசாங்கத்துக்கு அரசாங்கம் பெயர் மாறினாலும், விற்பதற்கான கட்டுப்பாடு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

அந்தக் கட்டுப்பாடு காப்பாற்றியதை மறக்க வேண்டாம். யுத்த காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்களும், நுண்கடன் வாங்கிக் கிழமைக்குக் கிழமை தவணை கட்ட முடியாமல் தவித்த தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நகை போனது, மாடு போனது. ஆனால் ஒப்பக் காணியை மட்டும் கடன்காரரால் சட்டப்படி தொட முடியவில்லை.

அதே கட்டுப்பாடு செய்த தீங்கையும் மறைக்க வேண்டாம். வீட்டைத் திருத்த வங்கிக் கடன் கேட்டுப் போனால், ஒப்பத்தைப் பார்த்ததும் கையை விரிக்கிறார்கள். சட்டப்படி விற்க முடியாததால் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தும், சத்தியக் கடதாசி முடித்தும் காணிகள் கைமாறுகின்றன. அப்படி விற்பவருக்குப் பாதி விலைதான் கிடைக்கும். வாங்கியவருக்கும் நிம்மதியில்லை. பத்து வருடம் கழித்து இரு தரப்பும் பிரதேச செயலகத்தில் வந்து நின்று சண்டை பிடிப்பதைப் பார்க்கிறோம்.

இன்னொரு தீங்கு பெண்களுக்கு நடந்தது. நமது கரையோரத்தில் வீடு மகளுக்கே. அது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மகளுக்கு வீடு கட்டி முடிக்கும் வரை வாப்பாவும் காக்காமாரும் உறங்குவதில்லை. ஆனால் இந்தக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வேறு முறை சொன்னது. பின்னுரித்தாளியாக ஒருவரையும் பெயர் குறிக்காமல் ஒப்பக்காரர் மௌத்தாகிவிட்டால், மகன்களுக்குப் பிறகுதான் மகள்கள். 2022இல் செய்த திருத்தத்தின் பின்னரே மகனுக்கும் மகளுக்கும் இருந்த அந்த வேறுபாடு நீங்கியது. அதற்கு முந்திய எண்பதுக்கும் மேற்பட்ட வருடங்களில் எத்தனை சகோதரிகள் தாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே உரிமையில்லாதவர்களாக நின்றார்கள் என்பதை ஒவ்வொரு கொலனியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நடப்புக்கு வருவோம். 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் "உறுமய" என்ற வேலைத்திட்டம் தொடங்கியது. ஒப்பத்திலும் அளிப்பிலும் இருக்கும் காணிகளுக்கு நிபந்தனையில்லாத முழு உறுதி கொடுப்பதே நோக்கம் என்றார்கள். 20 இலட்சம் குடும்பங்கள் என்பது அன்று அரசாங்கம் சொன்ன கணக்கு. அதே ஆண்டு ஆட்சி மாறியது. ஆட்சி மாறினாலும் கேள்வி போய்விடவில்லை. விவசாயிக்கென்று ஒதுக்கிய காணியின் கட்டுப்பாட்டை நீக்கிச் சந்தைக்கு விட வேண்டும் என்ற யோசனை இந்த நாட்டில் ஓர் அரசாங்கத்தோடு தொடங்கியதும் அல்ல, முடியப்போவதும் அல்ல. அடுத்த முறை அது வேறொரு பெயரில் வரும்.

கட்டுப்பாடு நீங்கினால் முதலில் வாங்க வருபவர் யார்? இதற்கு நாம் கல்முனையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் ஓர் ஒடுங்கிய மணல் துண்டு. அதற்குள்தான் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதுவும் நிந்தவூரும் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதற்குப் பிறகு கடலோரத்தில் கட்டத் தடை வந்தது. மாற்றுக் காணிக்கு இடமில்லாமல் வயலை மூடித்தான் பல குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கம் ஒரு பேர்ச் காணியின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வளவு வேண்டும். அதற்காக மத்திய கிழக்கில் உழைத்த காசும், வியாபாரக் காசும், உத்தியோகக் கடனும் ஒரே சந்தையில் போட்டி போடுகின்றன. நாட்கூலிக்குக் கரும்பு வெட்டுபவரும் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிப்பவரும் அந்தச் சந்தையில் எட்ட நின்று பார்க்கத்தான் முடியும். கல்முனையில் வாங்க முடியாத காசு எங்கே போகும்? கிட்டங்கிக்கு அப்பால் போகும். உறுதிக் காணி என்று தெரிந்த மறுநாளே தரகர் கொலனிக்கு வந்துவிடுவார். விற்பவர், மகளின் கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரமாகக் காசு தேவைப்பட்டவராக இருப்பார். வாங்குபவர் அவசரமில்லாதவர். அவசரக்காரரும் அவசரமில்லாதவரும் பேரம் பேசினால் விலையை யார் முடிவு செய்வார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கட்டுப்பாடு இருக்கட்டும், ஒன்றையும் தொட வேண்டாம் என்று சங்கம் சொல்கிறதா? இல்லை. மலையகத்துத் தோழர்களின் கதையையும் கேட்டால் ஏன் இல்லை என்பது விளங்கும்.

1935இல் காணியற்றவருக்குக் காணி என்று சட்டம் வந்தபோது, நாட்டில் மிகவும் காணியற்றவராக இருந்தவர் தோட்டத் தொழிலாளிதான். அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1948இல் குடியுரிமையே போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. லயம் மட்டும் லயமாகவே இருந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் அப்படியே. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்ததால், சபையின் காசைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்க முடியாமல் இருந்தது. அந்தத் தடையும் 2018இல்தான் நீங்கியது.

லயக் காம்பரா தோட்டத்தில் வேலை செய்பவருக்கென்று ஒதுக்கப்பட்டது. கேட்க நல்லதுபோலத்தான் இருக்கும். ஆனால் நடைமுறையில் அது எப்படி வேலை செய்கிறது? குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் படித்து வெளியே போனால், "வீட்டில் யார் வேலைக்கு வருகிறார்?" என்ற கேள்வி வரும். சம்பளப் பிரச்சினையில் குரல் உயர்த்தினால் காம்பராவின் பேச்சு வரும். கூரைத் தகரம் மாற்றவும் ஒரு பத்தி இறக்கவும் துரையிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்குத் தெரியும், சாதாரண தரம் முடித்த பிள்ளை வேறு தொழில் பழக ஆசைப்பட்டாலும், "காம்பரா போயிடும்" என்று அம்மா அழும் வீடுகள் உண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு எங்கே போவது? சொந்தக் காணி இல்லாதவருக்கு மலை அசைகிறது என்று தெரிந்தாலும் அடுத்த நாள் பெரட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

ஆகவே தோழர்களே, இங்கே இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஒன்று, வீட்டை வேலையோடு கட்டும் முடிச்சு. வேலை போனால் வீடு போகும். இது லயத்தில் இருக்கும் முடிச்சு. இதன் நுனி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

மற்றது, வீட்டையும் காணியையும் உழைக்கும் மக்களோடு கட்டும் முடிச்சு. இந்த இடம் இங்கு உழைப்பவருக்கே, காசுள்ளவர் வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது என்ற முடிச்சு. ஒப்பக் காணியில் இருக்கும் நல்ல பகுதி இதுதான்.

முதலாவதை அறுக்க வேண்டும். இரண்டாவதைத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும். நமது சங்கத்தின் நிலைப்பாடு இதுவே.

இது புதிதாக நாம் கண்டுபிடித்தது அல்ல. நமது நாட்டில் தோட்டங்களைத் தொடங்கிய இங்கிலாந்திலேயே பண்ணைத் தொழிலாளர்கள் இதே வழக்கைப் பேசினார்கள். அங்கும் பண்ணை முதலாளி கொடுத்த வீடு வேலையோடு போகும். பண்ணைத் தொழிலாளர் சங்கம் நீண்ட காலம் போராடியது. 1976இல் அங்கு வந்த சட்டம், குறிப்பிட்ட காலம் வேலை செய்த பண்ணைத் தொழிலாளியை வேலை முடிந்ததும் வீட்டிலிருந்து வெளியே போட முடியாது என்று பாதுகாப்புக் கொடுத்தது. முதலாளிக்கு உண்மையிலேயே அந்த வீடு தேவையென்றால், தொழிலாளிக்கு மாற்று வீடு கிடைக்க உள்ளூராட்சி மன்றம் முயற்சி எடுக்க வேண்டும். அது முதலாவது முடிச்சை அவிழ்த்த விதம்.

இரண்டாவது முடிச்சையும் அங்கு வைத்திருக்கிறார்கள். கிராமப்புறத்தில் வெறும் வீடு கட்ட அனுமதி கிடைக்காத இடத்தில், விவசாயத் தொழிலாளிக்கென்று கேட்டால் நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். அந்த வீட்டில் அப்பகுதியில் விவசாய வேலை செய்பவர் இருக்கலாம். கடைசியாகச் செய்த வேலை விவசாயமாக இருந்து ஓய்வு பெற்றவரும் இருக்கலாம். அவர் இறந்தால் அவருடைய மனைவியும் அவரில் தங்கியிருப்பவர்களும் இருக்கலாம். இந்த நிபந்தனையால் வீட்டின் விலை நகரத்துப் பணக்காரர் ஏற்றும் விலைக்கு ஏறுவதில்லை. நிபந்தனையை நீக்கக் கேட்டால், விவசாயத் தொழிலாளிக்கு அந்த வீடு இனித் தேவையில்லை என்று காட்ட வேண்டும். நியாயமான விலைக்குச் சந்தையில் வைத்துப் பார்த்தோம், அப்படிப்பட்டவர் எவரும் வரவில்லை என்று நிரூபிக்கச் சொல்வார்கள். ஓய்வு பெற்றவரையும் விதவையையும் நினைவில் வைத்து எழுதிய நிபந்தனைக்கும் நமது லயத்தின் நிபந்தனைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

பக்கத்து நாட்டைப் பார்ப்போம். 1970 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த காணிச் சீர்திருத்தத்தில், பிறர் காணியில் குடிசை போட்டிருந்த தொழிலாளி தன் குடிசையையும் அதைச் சுற்றிக் கிராமத்தில் 10 சென்ட் வரையான காணியையும் சொந்தமாக்கிக்கொள்ள உரிமை வந்தது. 1971இல் தமிழ்நாட்டிலும் குடியிருப்பு மனையை அதில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. முதலாளி துரத்துவாரோ என்ற பயம் போன பிறகுதான் கூலிப் பேச்சு நிமிர்ந்து நடக்கும். இதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

எனவே அரசாங்கத்திடமும் நிர்வாகங்களிடமும் நாம் கேட்பவை இவை.

முதலாவது, மலையகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லப்பட்ட 7 பேர்ச் காணி, வேலை நிபந்தனை ஒன்றும் இல்லாமல், சட்டப்படியான உறுதியோடு கிடைக்க வேண்டும். ஓய்வு பெற்றவரும், விதவையும், பிள்ளை வெளியே தொழில் செய்யும் குடும்பமும் அதில் அடங்க வேண்டும். இந்திய உதவி வீடுகளானாலும் வேறு எந்தத் திட்டத்து வீடுகளானாலும் சாவியோடு உறுதியும் கைக்கு வர வேண்டும். சாவி மட்டும் வந்தால் அது புதுச் சுவர் உள்ள லயம்.

இரண்டாவது, உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். கரையோரத்திலும் கொலனியிலும் இதுவே நமது கோரிக்கை.

மூன்றாவது, ஒப்பக் காணியில் குடியிருக்கும் வளவையும் பயிரிடும் வயலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வளவுக்கு முழு உறுதி கொடுங்கள். தாய் மகளுக்கு எழுதட்டும், வீடு கட்ட வங்கிக்குப் போகட்டும். வயலுக்கும் கரும்புக் காணிக்கும் கட்டுப்பாடு வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியில்லாமல் வயலை மூடக்கூடாது என்கிறது. கல்முனைப் பக்கம் வீட்டுக்கு இடமில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வயலாக மூடினால் மழை வெள்ளம் நமது வீட்டுக்குள்தான் வரும், வயலில் கூலிக்குப் போகும் நமது கைகளுக்கும் வேலை இருக்காது. வீட்டுக்கு வேறு அரச காணி பார்க்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு.

நான்காவது, முழு உறுதி கொடுத்தாலும் அடமானம் போன கடனைத் தவிர மற்றக் கடன்களுக்காகக் குடியிருக்கும் வீட்டை ஏலத்தில் போட முடியாது என்ற பழைய பாதுகாப்பு நீங்கக்கூடாது. விற்க விரும்பினால், அந்தப் பிரதேசத்தின் காணியற்ற தொழிலாளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மதிப்பீட்டு விலையில் முதலில் வாங்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஒருவரும் வாங்கவில்லையென்றால் விருப்பமானவருக்கு விற்கட்டும். இப்படிச் செய்தால் விற்பவருக்கும் நியாய விலை கிடைக்கும், ஊரும் கைமாறிப் போகாது.

ஐந்தாவது, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காணியற்றவர்களின் பட்டியல் வேண்டும். கரும்புக் காணியில் கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒப்பமும் இல்லை, உறுதியும் இல்லை. ஒப்பம் உள்ளவரின் உறுதியைப் பற்றியே நாடு பேசும்போது இவரை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. காணிக் கச்சேரி வைத்து இவர்களின் பெயரை முதலில் எழுத வேண்டும். ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை பல வருடங்கள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். தொழில் மூடப்பட்டாலும் மூடப்படாத ஒரு வீடு தொழிலாளிக்கு வேண்டும்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இந்த மாதமே செய்யக்கூடிய சில வேலைகள் உண்டு.

வீட்டில் உள்ள ஒப்பத்தையோ அளிப்புப் பத்திரத்தையோ வெளியே எடுங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா? பின்னுரித்தாளியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள். வீடு மகளுக்கென்று நினைத்தால் மகளின் பெயரையே எழுதுங்கள். வாயால் சொன்ன வாக்கு உங்களுக்குப் பிறகு செல்லுபடியாகாது.

உறுதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி வருபவரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம். போட்டோப் பிரதி போதும். எழுதாத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கச் சொன்னால், கிளைக் காரியாலயத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். கிராம சேவையாளரின் காணிக் கூட்டங்களுக்குப் பெண்களும் போக வேண்டும். மலையகத் தோழர்கள், குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வருடமாக அந்தக் காம்பராவில் இருக்கிறீர்கள் என்பதை எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். நாளை காணி பிரிக்கும்போது அந்தக் கடதாசிதான் பேசும்.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். உம்மா, உங்கள் வளவுக்கு உறுதி கிடைப்பது நல்லம்தான். அது உங்கள் உரிமை. ஆனால் உறுதியோடு சேர்த்து, உங்கள் பக்கத்து வீட்டுக் கூலிக்காரருக்கும் ஒரு வளவு, உங்கள் வீட்டைக் கடன்காரர் தொடாத பாதுகாப்பு, வயல் வயலாகவே இருக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குவோம். அவை இல்லாமல் உறுதியை மட்டும் தந்தால், தரகரே நமக்கு முதல் வாங்கிவிடுவார்.

அந்த இளைஞருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, டி.எஸ். கந்தோரில் நிற்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரி. அதற்குப் பதிலாகச் சங்கக் கூட்டத்தில் வந்து நில்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாப்பாவையும் ஒப்பத்தின் பிரதியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.